காரின் மேல் இரண்டு சைக்கிள்கள்

புதன்கிழமை விடியற்காலை 5.20க்குப் புதுச்சேரியிலிருந்து புறப்பட்டோம். பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது. காருக்குள் நானும் என் மனைவி மங்கையும். பின் இருக்கையில் பித்தளைப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, மகளுக்குப் பிடித்த நீள ரொட்டி ஆறு. காரின் மேலே இரண்டு சைக்கிள்கள். அவற்றுக்கு நடுவே ஒரு கட்டுக் கரும்பு.

கார் சின்னது. என் தம்பியும் நானும் சேர்ந்து பழையதாக வாங்கியது. ஒரு வாரம் அவன் வீட்டில் நிற்கும், ஒரு வாரம் என் வீட்டில். கூரையில் இரும்புக் கேரியர் உண்டு. அதில் ஒரு சைக்கிளைப் படுக்க வைத்தாலே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். முந்தின நாள் சாயங்காலம் மூன்று விதமாக வைத்துப் பார்த்தேன். கடைசியில் இரண்டையும் தலைகீழாக நிறுத்தினேன்: சீட்டும் ஹேண்டில்பாரும் கீழே, சக்கரங்கள் மேலே. ஒன்று முன்னால் பார்த்து, மற்றது பின்னால் பார்த்து. அப்போதுதான் ஹேண்டில்பார்கள் ஒன்றோடொன்று இடிக்கவில்லை. பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி, கயிற்றால் பதினான்கு முடிச்சுப் போட்டேன். எந்த முடிச்சு எங்கே என்று நோட்டில் படம் வரைந்துகொண்டேன்.

மகள் விமலா எழுதிய கடிதம்தான் இந்தப் பயணத்துக்குக் காரணம். அவள் ஆசிரியை. கல்யாணமாகி எட்டு மாதம். மாப்பிள்ளை ராஜேந்திரன் பூலாம்பாடியில் ஒரு பட்டறையில் ஆயில் இன்ஜின் மெக்கானிக். அவருடைய ஊர் அங்கிருந்து நாலு மைல். ஊர்ப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. என் பேரப்பிள்ளைகள் இன்னமும் அங்கேதான் இருக்கிறார்கள். விமலாவின் பள்ளிக்கூடம் பூலாம்பாடி போகும் வழியில் மூன்றாவது மைலில் இருந்தது. காலை பஸ் பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் வரும். ஆகவே போக வர நடை. திரும்பும்போது இருட்டிவிடும். பொங்கல் விடுமுறையோடு வேலையை விட்டுவிட வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார்.

'அத்தை கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறார்கள். சைக்கிள் இருந்தால் வெளிச்சத்திலேயே வந்துவிடுவேன். அப்பா ஒரு தடவை வந்து பேசிப் பாருங்கள்' என்று எழுதியிருந்தாள். விமலா எட்டு வயதிலிருந்து சைக்கிள் ஓட்டுகிறவள்.

மங்கை கடிதத்தைப் படித்து முடித்ததும் வாசலுக்குப் போய்த் தன் சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினாள். பதினாறு வருடம் அதில்தான் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய் வந்தாள். எங்கள் ஊரில் அது ஒரு விஷயமே இல்லை. காலை ஏழு மணிக்கு எந்தத் தெருமுனையில் நின்றாலும் சேலை கட்டிய பெண்கள் வரிசையாகச் சைக்கிளில் போவதைப் பார்க்கலாம்.

மகளுக்கு மட்டும் கொடுத்தால் அவள் சைக்கிளில் போவாள், மாப்பிள்ளை நடந்து வருவார். அது நன்றாக இருக்காது என்று எனக்குத் தோன்றியது. என்னுடையதையும் ஏற்றினேன். மாப்பிள்ளையிடம் சைக்கிள் இல்லை என்பதை நாங்கள் கவனித்திருக்கிறோம். ஏன் என்று கேட்டதில்லை.

பஸ் கூரையில் போட்டு அனுப்பலாமே என்று ஆபீஸில் சொன்னார்கள். மங்கை ஒப்பவில்லை. "சைக்கிளை அனுப்பிடலாம். பேச்சை யாரு மூலமா அனுப்புறது?" என்றாள்.

வண்டி வேகம் பிடித்ததும் தலைக்கு மேலே சக்கரங்கள் காற்றில் தாமாகச் சுற்ற ஆரம்பித்தன. கிர்ர் என்ற ஒரு சத்தம். முதல் பத்து மைலுக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அது நின்றால்தான் பயமாக இருந்தது. ஏதோ அவிழ்ந்துவிட்டதென்று இறங்கிப் பார்ப்பேன். விருத்தாசலத்துக்கு முன்பே ஐந்து தடவை இறங்கினேன். சாலையோரப் புளிய மரங்களின் கிளைகள் எவ்வளவு தாழ்ந்திருக்கின்றன என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மங்கை கழுத்தை வெளியே நீட்டி, "வலது பக்கம் ஒதுங்குங்க, இப்ப இடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். என் வேகம் மணிக்கு இருபது மைல். மாட்டு வண்டிக்காரர் ஒருவர் எங்களுக்கு வழிவிட்டுவிட்டு வெகுநேரம் எங்கள் பின்னாலேயே வந்தார்.

ஜெயங்கொண்டத்தில் மதியம் சாப்பிடக் காரை ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். ஓட்டலில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் முந்திரிப்பருப்பு போட்ட பொரியலும் பரிமாறினார்கள். பொரியலில் முந்திரியை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. எங்கள் பக்கத்தில் அதைப் பாயசத்தில் எண்ணித்தான் போடுவார்கள். பரிமாறியவர், தோப்பு பக்கத்திலேயே இருக்கிறது, இங்கே தேங்காய்க்குத்தான் விலை என்றார். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

வெளியே வந்தால் காரின் பானெட்டில் ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது. கூரைமேல் இன்னொன்று. கரும்புத் தோகையை இரண்டு பக்கமும் இழுத்து மேய்ந்துவிட்டன. மூன்றாம் முடிச்சும் ஏழாம் முடிச்சும் தளர்ந்து, மங்கையின் சைக்கிள் சரிந்து தொங்கியது. ஆட்டுக்காரம்மா ஓடி வந்து ஆடுகளைத் திட்டினாரா எங்களைத் திட்டினாரா என்று சொல்வது கடினம். கரும்பைக் கொண்டுவந்து வாய்க்கு நேராக வைத்துவிட்டு ஆட்டைக் குறை சொல்லலாமா என்பது அவர் கட்சி. ஆனால் கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டும்வரை சைக்கிளைத் தாங்கிப் பிடித்திருந்தவரும் அவர்தான். ஒன்றரை மணி நேரம் ஆனது. இருட்டில் ஓட்டப் பயந்து அன்றிரவு அங்கேயே தங்கினோம்.

வியாழக்கிழமை போகி. வழியெல்லாம் பழைய பாய் எரிந்த புகை. அரியலூரை நெருங்கியபோது எதிரே வந்த லாரிகள் எல்லாம் சுண்ணாம்புக்கல் தூள் பறக்க வந்தன. ரயில்வே கேட்டில் இருபத்தைந்து நிமிடம் நின்றோம். கண்ணாடியில் பார்த்தேன். என் தலையும் மங்கையின் தலையும் ஒரே நாளில் நரைத்திருந்தன.

பக்கத்தில் ஒரு டிராக்டர் டிப்பரில் நிறையப் பெண்கள். வெங்காயம் பிடுங்கப் போகிறவர்கள். காரின் மேலே பார்த்துப் பேசிக்கொண்டார்கள். ஒரு அம்மா குனிந்து மங்கையைக் கேட்டார்.

"பொங்கச் சீருங்களா?"

"ஆமாங்க. தலைப்பொங்கல்."

"மாப்ளைக்கு ஒரு சைக்கிள் சரி. இன்னொண்ணு யாருக்கு?"

"பொண்ணுக்குத்தான்."

டிப்பர் முழுக்கச் சிரிப்பு. "பொண்ணு மிதிச்சா மாப்ள என்னத்த பண்றதாம்?"

"பின்னாடி உக்காந்துக்கிட்டு வருவாரு" என்றாள் மங்கை. கேட் திறந்த பிறகும் அந்தச் சிரிப்பு கேட்டுக்கொண்டிருந்தது.

பெரம்பலூரில் சாப்பாடு. சின்ன வெங்காயம் முழுசு முழுசாக மிதந்த சாம்பார். காரைக் கண்ணெதிரே நிறுத்தி, ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். அங்கிருந்து பச்சைமலை இடது பக்கமும் எதிரிலுமாக மாறி மாறித் தெரிந்தது. புதுச்சேரிக்காரனுக்குத் தூரத்தில் ஏதாவது தெரிந்தால் அது கடலாகத்தான் இருக்கும். மலையைப் பார்த்து ஓட்டுவது நடந்துபோகிற ஒருவரைத் துரத்துவது போல இருந்தது. நாம் போகப்போக அவரும் போய்க்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் ஊருக்குள் நுழைய ஒரே வழிதான். அகலமான தெரு, இரண்டு பக்கமும் மாடி வீடுகள். அதைக் கடந்து கால் மைல் போனால் காலனி. கல்யாணத்தின்போது பஸ்ஸில் வந்தோம், இருட்டில் இறங்கினோம். எனக்கு வழி நினைவில்லை. தெரு நடுவில் நிறுத்தி ஒருவரிடம் கேட்டேன். "வாங்க, யாரு வூட்டுக்குப் போவணுங்க?" என்று சிரித்த முகமாகக் கேட்டார். ராஜேந்திரன் பெயரையும் காலனி என்பதையும் சொன்னேன். "அங்கயா. நேராப் போயி இடது பக்கம் திரும்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் நன்றி சொன்னது அவர் காதில் விழுந்திருக்காது. சேர்ந்தபோது மணி 3.10.

விமலா ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு ரொட்டியைத்தான் தேடினாள். சம்பந்தியம்மா செல்லம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் இறந்து ஆறு வருடம். வெங்காயக் கொல்லைக்குக் கூலிக்குப் போய்த்தான் மகனைப் படிக்கவைத்தவர். பானையையும் அரிசியையும் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். ரொட்டியைத் தட்டிப் பார்த்து, "என்ன சம்பந்தி, அடுப்புக்கு வெறகும் நீங்களே கொண்டாந்துட்டீங்க" என்றார். சைக்கிள்களை மட்டும் தொடவில்லை. இறக்கியதும் வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்.

ராத்திரி சோளச்சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்ட பிறகு பேச்சை எடுத்தேன். அவர் நேராகவே பதில் சொன்னார்.

"தனியா அனுப்ப மாட்டேண்ணே. அவன் கூடப் போனா போவட்டும்."

ராஜேந்திரனுக்கும் அதே பாதை, ஏறக்குறைய அதே நேரம். அப்படியானால் தடையே இல்லை. 'காரியம் முடிந்தது' என்று அன்றைய டைரியில் எழுதினேன். மாப்பிள்ளை எழுந்து வெளியே போனதை நான் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் பொங்கல் பானை பொங்கி இறக்கிய பிறகு விமலா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது."

நான் சிரித்துவிட்டேன். இன்ஜினை அக்கு அக்காகக் கழற்றி மாட்டுகிறவர், இருபத்தெட்டு வயது ஆள். அவள் சிரிக்கவில்லை. உள்ளே இருந்த செல்லம்மாள் காதில் அது விழுந்திருக்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"இவங்க அப்பா ஒரு சைக்கிள் வாங்கினாருண்ணே. இவனுக்கு அப்ப அஞ்சு வயசு. அந்தத் தெரு வந்தா எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போவணும். தாண்டினா ஏறிக்கலாம். அது எங்களுக்குப் பழக்கந்தான். ஒரு நாளு காய்ச்சல். நடக்க முடியல. ஏறியே வந்துட்டாரு."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அடிக்கல. சைக்கிள மட்டும் கெணத்துல தூக்கிப் போட்டுட்டாங்க. எடுக்கவும் வுடல. அதுக்கப்புறம் இந்த வூட்டுல சைக்கிள்ங்கிற பேச்சே இல்ல."

இப்போதும் அப்படியா என்று கேட்டேன்.

"இப்ப யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. ஏறிப்போயி யாரும் பாத்ததுமில்ல. நம்ம தெருவுல ரெண்டு பயலுவ வச்சிருக்கானுவ. தள்ளிக்கிட்டுத்தான் போறானுவ."

நாங்களும் அவர்களும் ஒரே ஆட்கள். என் அப்பா காலத்தில் புதுச்சேரியிலும் சில தெருக்கள் அப்படித்தான் இருந்தன என்று கேள்வி. ஆனால் நான் ஆபீஸுக்குப் போய் வந்த இருபத்தாறு வருடத்தில் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினால் தவிர எந்தத் தெருவிலும் சைக்கிளைவிட்டு இறங்கியதில்லை. புறப்படும்போது எடுத்துக்கொள்ள வேண்டியவை என்று முப்பத்தொரு இனங்கள் எழுதிவைத்திருந்தேன். இது என் நினைப்பிலேயே வரவில்லை. அந்தத் தெரு நடுவில் காரை நிறுத்தி, இரண்டு சைக்கிள்களையும் கூரைமேல் வைத்துக்கொண்டு வழி கேட்டிருக்கிறேன்.

செல்லம்மாள்தான் ஒரு வழி சொன்னார். "அவன் கத்துக்கட்டும். தெரு முக்குல ரெண்டு பேரும் எறங்கிடுங்க. தள்ளிக்கிட்டுப் போயி, தாண்டி ஏறிக்குங்க. எனக்கு அது போதும்." விமலா உதட்டைக் கடித்துக்கொண்டு சரி என்றாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி, "கத்துக்கறேன் மாமா" என்றார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம். மூன்று நாள் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் சோளம் அறுத்த காட்டில் ஒரு வண்டிப்பாதை. அங்கேதான் பாடம். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். விமலா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். மாப்பிள்ளை முன்னால் மாமியார் நின்று பேசும் வழக்கம் எங்களில் இல்லை. ஆகவே நன்றாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த மங்கை தட்டிப்படலுக்குப் பின்னால் நின்று விமலாவிடம் சொல்வாள்.

"விமலா, கீழ பாக்க வேணாம்னு சொல்லு."

"கீழ பாக்காதீங்க."

"தோள எறுக்கிக்கிட்டு உக்காந்திருக்காரு பாரு. தளத்தச் சொல்லு."

"அத்தை சொல்றது எனக்கும் கேக்குது விமலா" என்று மாப்பிள்ளை சொல்லி முடிப்பதற்குள் கீழே விழுந்திருப்பார்.

வெள்ளிக்கிழமை பதினொரு தடவை விழுந்தார். சனிக்கிழமை, மாட்டுப் பொங்கல் அன்று, ஆறு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு. ஒரு தடவைகூடச் சிடுசிடுக்கவில்லை. விழுந்ததும் முதலில் சைக்கிளைத்தான் தூக்கிப் பார்ப்பார், ஏதாவது வளைந்துவிட்டதா என்று. முழங்கையில் வழிகிற ரத்தத்தை விமலாதான் கவனிக்க வேண்டும். அவள் ஈரத்துணியால் துடைப்பாள். அவர் அந்த நேரம் மட்டும் சின்னப் பிள்ளைபோல் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். நான் டயரைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வேன்.

கால் எட்டாமல் இல்லை, ஆனால் ஓடி ஏறுவது வரவில்லை. வாசலில் கவிழ்ந்து கிடந்த பழைய உரலைப் பின்னால் உருட்டிப் போனோம். அதன்மேல் இடது காலை ஊன்றி ஏறிவிடுவார். பாதையின் மறுமுனையில் சோளத்தட்டைப் போர். அதில் போய் இடித்து நிற்பார். ஞாயிறு சாயங்காலம் உரலிலிருந்து போர்வரை யார் கையும் படாமல், நேராக ஓட்டினார். செல்லம்மாள் படலைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ராத்திரி எல்லோருக்கும் ரொட்டியை அவரே மீன்குழம்பில் தொட்டுக் கொடுத்தார்.

திங்கள் காலை 7.50. விமலா நீலச் சேலை கட்டிப் பையைக் கேரியரில் வைத்தாள். உரல் மறுபடி வாசலுக்கு வந்திருந்தது. தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போகலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் காலனியில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்து நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். உரலில் காலை வைத்தார், ஏறினார், புறப்பட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். விமலாவும் ஏறிப் பின்னால் போனாள். அவர் நடை வேகத்தில்தான் மிதித்தார்; செல்லம்மாளும் மங்கையும் நானும் ஓட்டமும் நடையுமாகப் பின்னாலேயே போனோம்.

தெருமுனைக்கு ஐம்பது அடி இருக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மூன்று நாளில் அவருக்கு ஏறச் சொல்லிக்கொடுத்தோம், மிதிக்கச் சொல்லிக்கொடுத்தோம். இறங்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. சோளத்தட்டைப் போர் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கிறது. "விமலா, எறங்கறது எப்படி?" என்று கேட்டது எங்கள் காதில் விழுந்தது.

"பிரேக்கப் புடிச்சிக் கால ஊனுங்க."

ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் ஆடியது. ஒரு கையை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"முடியல. நான் போறேன்."

தெருவுக்குள் திரும்பிவிட்டார். சீட்டின்மேல் நிமிர்ந்து உட்கார்ந்தபடி.

விமலா முனையில் இறங்கிவிட்டாள். சொன்ன சொல் இருக்கிறதே. ஒரு கால் பெடல்மேல், ஒரு கால் தரையில், மாமியாரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். செல்லம்மாள் மூச்சு வாங்க அவளருகே போனார். தெருவைப் பார்த்தார். மகன் நாலு வீடு தாண்டியிருந்தார். செல்லம்மாளின் கை மங்கையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"அவன ஒத்தையா வுட்டுட்டு இங்க என்னாடி நிக்கிற" என்றார். "ஏறிப் போ."

விமலா ஏறினாள். தெருவில் ஒரு பெரியவர் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு எழுந்து நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். விமலா மணியடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள். மாப்பிள்ளை தெருக்கோடியை நெருங்கியிருந்தார். அங்கே ஒரு பெண் வாசலை அடைத்துப் பொங்கல் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து பார்த்து, "யப்பா, யப்பா, கோலத்து மேல ஏத்திடாத" என்றாள்.

"ஏத்த மாட்டேங்க" என்று அவர் சொன்னது தெரு முழுக்கக் கேட்டது. அப்படியே கோலத்தின் நடுவில் ஏற்றிக்கொண்டு போனார்.

செல்லம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண் இடுப்பில் கைவைத்து, போகிற சைக்கிளைப் பார்த்தாள். பின்னால் வந்த விமலா கோலத்தைச் சுற்றி ஒதுங்கிப் போவதையும் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குனிந்து, டயர் போன இடத்தில் விட்டுப்போன கோடுகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கத் தொடங்கினாள்.

"போயிட்டாங்களா?" என்று செல்லம்மாள் கேட்டார், கண்ணைத் திறக்காமல்.

"போயிட்டாங்க" என்றாள் மங்கை.